பருத்த விரலும் ஆறு தந்தியும்

பருத்த விரல்களோடு பிறந்தவனுக்கு இவ்வுலகில் யோசனை சொல்லுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கிடார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவன் வாயைத் திறந்த மாத்திரத்தில், அவனுடைய கையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்குத் தவில் அல்லவா பொருத்தம்!" என்பார் ஒருவர், மிருதங்கம் இருக்க இதில் என்ன மோகம் என்பார் இன்னொருவர், சற்றே தாட்சணியமுள்ள மூன்றாமவரோ, புல்புல் தாராவாவது வாசிக்கலாமே, அதில் பொத்தான்கள் பெரிதாக இருக்குமே என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். இந்த மூவகை மனிதர்களையும் நான் நிரம்பச் சந்தித்திருக்கிறேன். அவர்களுள் கிடாரை மடியில் வைத்துப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. தவில் வாசிப்பது எளிது என்று நினைத்துக்கொண்டுதான் அவர்கள் அதைச் சொன்னார்கள் என்பதைத் தவில் வித்துவான்கள் கேள்விப்பட்டால் என்ன சொல்லுவார்களோ, அதை அவர்கள் பொறுப்புக்கே விட்டுவிடுகிறேன்.

என் விரல்களின் பருமன் பரம்பரைச் சொத்து. தகப்பனாருடைய கைகளும் அப்படித்தான். பாட்டனாருடையவை இன்னும் ஒரு சுற்றுப் பெரியவை என்று கேள்வி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டராக இருந்த காலத்தில் இந்தக் கைகளால் எனக்கு லாபமே ஒழிய நஷ்டம் இருந்ததில்லை. அரத்தை நேராகத் தள்ளவும், துருப்பிடித்து இறுகிய போல்ட்டைத் தளர்த்தவும், சூடு ஆறாத இரும்பைத் துணிந்து தொடவும் அவை உதவின. ஆனால் ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பாடகர் குழுவோடு நின்று பாடுகிற வழக்கமும் எனக்கு இருந்தது. அந்தக் குழுவில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான ஓர் அண்ணன் கிடார் வாசிப்பார். அவர் கை ஒருமுறை தந்திகளின் மேல் இறங்கி எழும்போது அத்தனை குரல்களும் ஒரு ஆதாரத்தின் மேல் வந்து நின்றுகொள்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து, அந்த ஆசை எனக்குள் புகுந்துகொண்டது. கோயிலிலிருந்து மெல்லிசைக் குழுவுக்கும், பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த ஆசைதான்.

முதலில் வாங்கிய கிடார், பின்னால் 1985-இல் தீக்கிரையாகிப் போன மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்த ஒன்று. கல்கத்தாவில் செய்த மலிவுச் சரக்கு, இரும்புத் தந்தி. விலைக்கு அது குறைசொல்லத் தக்கதல்ல. ஆனால் அதில் சி மேஜர் என்கிற சாதாரணக் கார்டு எனக்குக் கைகூடவில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே வீச்சில் ஒலிக்கச் செய்வதைத்தான் கார்டு என்கிறோம். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த கம்பிகள்தான் ஃப்ரெட்டுகள். இந்த சி மேஜரில் ஐந்தாம் தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரலும், நான்காம் தந்தியை இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரலும், இரண்டாம் தந்தியை முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலும் அழுத்திப் பிடிக்க, மூன்றாம் தந்தியும் முதல் தந்தியும் எந்த விரலின் ஸ்பரிசமும் படாமல் தாமாகவே ஒலிக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் சதை அணுவளவு சரிந்தால் போதும்; முதல் தந்தி நாதமெல்லாம் இழந்து 'டொக்' என்று ஒரு சப்தம் போட்டு அடங்கிவிடும். என் கையில் அது எப்போதும் 'டொக்' என்றே சொல்லிற்று.

பட்டறையில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அளந்து பார்ப்பது சுபாவம். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிடாரின் கழுத்து தலையோடு சேருமிடத்தில் தந்திகள் ஏறி அமர்கிற சிறு துண்டை நட் என்பார்கள்; அதன் அகலம் 43 மி.மீ. இரு ஓரங்களிலும் விட்ட இடம் போக, ஆறு தந்திகளுக்கு நடுவே ஐந்து இடைவெளிகள். ஒவ்வொன்றும் 7 மி.மீ.க்குச் சற்றே அதிகம். என் ஆள்காட்டி விரலோ நகத்தருகே 19 மி.மீ. இந்தக் கணக்கைப் பார்த்ததும் யோசனை சொன்னவர்கள் எல்லாரும் பேசினது நியாயம்தான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பக்கத்து மெஷினில் நின்ற ஒல்லியான நண்பனை அழைத்து அவன் விரலையும் அதே காலிப்பரில் வைத்தேன், 14 மி.மீ. வந்தது. 14-ம் 7-இல் அடங்காது. அப்படியானால் மெலிந்த விரல்காரர்கள் வாசிப்பது எப்படி? தந்திகளின் நடுவே விரலை நுழைப்பது அல்ல விஷயம். தந்தியின் மேல் விரலின் எந்தப் பகுதி, எவ்வளவு அகலத்துக்கு அமர்கிறது என்பதே விஷயம்.

டைம் ஆபீஸிலிருந்து முத்திரை குத்தும் மைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, விரல்நுனியில் மை தடவி, காகிதத்தில் ஒற்றிப் பார்த்தேன். கைநாட்டு வைப்பதைப் போல விரலைப் படுக்கவைத்து ஒற்றியபோது 16 மி.மீ. அகலத்துக்கு ஒரு பெரிய கறை. நகத்தின் விளிம்பு காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி விரலைச் செங்குத்தாக நிறுத்தி ஒற்றியபோது 10 மி.மீ.கூட முழுசாக இல்லாத ஒரு வட்டம். படுத்த விரலில் தந்திக்கு இருபுறமும் 8 மி.மீ. சதை பரவுகிறது; 7 மி.மீ. தூரத்தில் இருக்கிற அடுத்த தந்தி அதற்குத் தப்ப வழியில்லை. நின்ற விரலில் இருபுறமும் 5 மி.மீ.; அடுத்த தந்தி, சொற்ப இடமானாலும், தப்பிவிடுகிறது. அந்த இரண்டு கறைகளும் உள்ள காகிதத்தை வெகுகாலம் கிடார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். விரல் பெரிது என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான் முதலில் செய்துகாட்டுவது இந்த மை வித்தையைத்தான்.

விரலைச் செங்குத்தாக நிறுத்து என்று சொல்வது சுலபம். அது எப்படி நிற்கும் என்பதை எனக்குக் காட்டினவர் கோயில் அண்ணன். அவர் என் விரல்களைக் கவனிக்கவே இல்லை. கழுத்துக்குப் பின்னால் இருந்த என் கட்டைவிரலைத்தான் பார்த்தார். கோடரிப் பிடியைப் பிடிக்கிற பட்டறைப் பழக்கத்தில் நான் கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே வளைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கட்டைவிரலைக் கீழே இறக்கு. நடு முதுகுல வை. மணிக்கட்டை முன்னால தள்ளு."

"இப்படியா அண்ணே?"

"இன்னும் கொஞ்சம். இப்பப் பாரு, உன் விரல் தானா எழுந்து நிக்குதா இல்லையா?"

எழுந்து நின்றது. கட்டைவிரல் மேலே ஏறினால் உள்ளங்கை கழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளங்கை ஒட்டினால் விரல்களுக்கு வளைய இடமில்லாமல் அவை தந்திகளின் மேல் சாய்ந்து படுக்கின்றன. கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் நடுவில், ஏறக்குறைய நடுவிரலுக்கு நேர் எதிராக வந்து அமர்ந்தால், உள்ளங்கைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு இடைவெளி உண்டாகி, விரல்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. ஒல்லி விரல்காரன் இந்த ஒழுங்கைச் சில வருஷங்கள் அலட்சியம் செய்தாலும் கிடார் அவனை மன்னித்துவிடும். பருத்த விரல்காரனை முதல் நாளே தண்டித்துவிடும். அந்தத் தண்டனை ஒருவிதத்தில் உபகாரம். என்னிடம் படித்தவர்களில் பெரிய கைக்காரர்களுடைய இடதுகை லட்சணம்தான் பொதுவாக நன்றாக அமைந்திருக்கிறது.

இடதுகை நகங்களை ஒட்ட வெட்டவேண்டும் என்பதை எல்லாரும் சொல்லுவார்கள். சிலருக்கு நகத்தின் அடிச்சதையே விரலின் நுனி வரைக்கும் ஓடிவந்திருக்கும். எவ்வளவு வெட்டினாலும் விரலைச் செங்குத்தாக நிறுத்தினால் நகம்தான் பலகையில் முட்டும். அப்படிப்பட்டவர்கள் விரலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, நுனியின் ஓரத்தால் அழுத்த வேண்டும். தந்தி விரலின் நட்டநடுவில்தான் அமரவேண்டும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை.

இனி, வாத்தியத்தின் பக்கம் வருவோம். இதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே பேச விரும்புகிறேன். ஏனென்றால் மாணவனுடைய விரலைக் குறைசொல்லுகிறவர்கள் பெரும்பாலும் அவன் மடியில் இருக்கிற மரத்தைப் பரிசோதித்துப் பார்ப்பதில்லை.

தந்திக்கும் விரற்பலகைக்கும் இடையே உள்ள உயரத்தை வித்துவான்கள் ஆக்ஷன் என்பார்கள். இரும்புத் தந்திக் கிடாரில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் அளந்தால் தடித்த ஆறாம் தந்தி 2.5 மி.மீ. உயரத்திலும், மெல்லிய முதல் தந்தி 2 மி.மீ. உயரத்திலும் இருப்பது சௌகரியம். மலிவான கிடாரில் இது 4, 5 என்று போய்விடுகிறது. ஆறு இரும்புத் தந்திகளின் இழுவையை இரவும் பகலும் தாங்கிக்கொண்டு, சென்னையின் ஈரக்காற்றில் நனைந்தும் கோடை வெயிலில் காய்ந்தும் கிடக்கிற கழுத்து மெல்ல முன்பக்கம் வளைகிறது, உடலின் மேல் தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜின் கீழ் உள்ள பலகை புடைக்கிறது, தந்தி உயருகிறது. உயர்ந்த தந்தியை இறக்க அதிக பலம் வேண்டும். அதிக பலத்தோடு அழுத்தினால் விரல்நுனி தட்டையாகிறது. தட்டையானால் அகலுகிறது, அகன்றால் அடுத்த தந்தியைத் தொடுகிறது. ஆக, விரல் பருமன் என்று நாம் பழிசொல்லுகிற குற்றத்தில் பாதி, தந்தியின் உயரம் செய்த குற்றம்.

நான் ஃபிட்டர் ஆகையால் இதற்கு யாரிடமும் போகவில்லை. பிரிட்ஜில் தந்திகள் சாய்கிற எலும்புப் பட்டையை வெளியே எடுத்து, அதன் அடிப்பக்கத்தைக் கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்தேன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் எவ்வளவு இறங்க வேண்டுமோ அதைப் போல இரண்டு பங்கு பட்டையில் தேய்க்கவேண்டும். ஏனெனில் பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதி ஸ்தானம். நட்டின் பள்ளங்களையும் சன்ன அரத்தால் சிறிது ஆழப்படுத்தினேன். இதில் கைத்தவறு நேர்ந்தால் திறந்த தந்தி முதல் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும், ஆகையால் அனுபவம் இல்லாதவர்கள் இதைத் தாமே செய்யாதிருப்பது நலம். 12 நம்பர் செட்டைக் கழற்றிவிட்டு 11 நம்பர் செட்டைப் போட்டேன். முதல் தந்தியின் கனம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதே இந்த நம்பர். நம்பர் குறைந்தால் இழுவையும் குறையும். இவ்வளவும் செய்த பிறகு, அதே கிடாரில், அதே விரல்களால், சி மேஜர் ஒலித்தது. அழுத்துகிற இடமும் முக்கியம்: ஃப்ரெட் கம்பிக்கு மிக நெருக்கமாக, அதன் பின்னால் விரல் அமர்ந்தால் பாதி பலமே போதும், நடுவில் அமர்ந்தால் இரட்டிப்புச் சிரமம்.

கழுத்தின் அகலம் விஷயமாகவும் ஒரு வார்த்தை. 43 மி.மீ. என்பதை இயற்கை விதித்த பிரமாணம் என்று நம்மவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. ஸ்பெயின் தேசத்தில் அல்மேரியா ஊரில் பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்கிற தச்சர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த அமைப்பில்தான் இன்றைக்கும் கிளாசிக்கல் கிடார்கள் செய்யப்படுகின்றன. தந்தியின் நீளம் 650 மி.மீ., நட்டின் அகலம் வழக்கமாக 52 மி.மீ. இரும்புத் தந்திக் கிடார்களுக்குப் பேர்போன அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி, 1833-இல் நியூயார்க்கில் தொடங்கி பிறகு பென்சில்வேனியா மாகாணத்து நாசரேத் ஊருக்குக் குடியேறியது. அதன் பழைய கிடார்களிலும் கழுத்து ஏறக்குறைய 48 மி.மீ. அகலம் இருந்தது. 1920-களின் இறுதியில் ஜாஸ் குழுக்களில் பாஞ்சோ வாசித்தவர்கள் கூட்டமாகக் கிடாருக்கு மாறத் தொடங்கினார்கள். ஒடுங்கிய கழுத்திலேயே பழகிய அவர்களுடைய சௌகரியத்தை உத்தேசித்து, 1929-இல் உடலுக்கு வெளியே பதினான்கு ஃப்ரெட்டுகள் வருமாறு நீண்ட கழுத்தும் 44.5 மி.மீ. நட்டும் கொண்ட மாதிரி ஒன்றை மார்ட்டின் வெளியிட்டது. 1939-இல் அது இன்னும் சுருங்கி 43-க்கு வந்தது. உலகத்திலுள்ள மற்றவர்கள் அதைப் பின்பற்றினார்கள். எவனோ ஒரு பாஞ்சோக்காரனுடைய விரலுக்கு என்று குறுக்கப்பட்ட கழுத்தில் நம்முடைய விரல் அடங்கவில்லை என்று நாம் வெட்கப்படுவானேன்?

கிளாசிக்கல் கிடாரில் இடைவெளி ஒவ்வொன்றும் எட்டரை மி.மீ.க்கு மேல் வருகிறது. ஒரு மில்லிமீட்டரும் சில்லறையும்தானே வித்தியாசம் என்று கேட்கலாம். மை தடவிப் பார்த்தவன் அப்படிக் கேட்க மாட்டான். அதோடு நைலான் தந்திக்கு இழுவை குறைவு, மிருதுவானது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது குடல் தந்திக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதன் பலனாக, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டீன் என்பவர் நைலானில் தந்தி செய்தார். அந்தப் பிரயத்தனத்துக்கு ஊக்கம் கொடுத்தவர் ஆந்த்ரே செகோவியா. அவரைப் பற்றி இங்கே சொல்லாமல் இருப்பது தகாது. 1893-இல் லினாரெஸில் பிறந்து 1987 வரை வாழ்ந்து, உணவு விடுதி வாத்தியம் என்று இளப்பமாகக் கருதப்பட்ட கிடாரைப் பெரிய சங்கீத மண்டபங்களில் ஏற்றிவைத்த அந்த மகானுடைய விரல்கள் எப்பேர்ப்பட்டவை என்பதை அவருடைய வாசிப்பைப் படம்பிடித்த காட்சிகளில் யாரும் பார்க்கலாம். சதைப்பிடிப்பான, நுனி அகன்ற, குண்டு விரல்கள். நகத்தோடு சதையும் சேர்ந்து மீட்டுகிற அவருடைய நாதத்தின் கனிவுக்கு அந்தச் சதையும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஹவாய்த் தீவுகளில் பிறந்து 1997-இல் காலமான இஸ்ரயேல் காமகவிவோஓலே என்கிற பாடகர் மலைபோன்ற சரீரம் படைத்தவர். அவர் மார்பில் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி தோன்றும் உகுலேலேயை வைத்துக்கொண்டுதான் உலகை மயக்கினார். வாத்தியம் சிறிதாயிற்றே என்று மலைக்க வேண்டியதில்லை. உகுலேலேக்குத் தந்திகள் நான்கே, ஆகையால் ஒரு தந்திக்கும் அடுத்த தந்திக்கும் உள்ள இடம் கிடாரைவிட அதிகம். கண்ணுக்குத் தெரிகிற அளவு வேறு, விரலுக்குத் தெரிகிற அளவு வேறு.

இவ்வளவும் சொன்னதனால், பருத்த விரலுக்குச் சங்கடமே கிடையாது என்று நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ணலாகாது. உண்மையான சங்கடங்கள் இரண்டு உண்டு.

ஒன்று, ஏ மேஜர். அதில் நான்காம், மூன்றாம், இரண்டாம் தந்திகளை மூன்று விரல்களால் ஒரே ஃப்ரெட்டில், அதாவது இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்த வேண்டும். முதல் ஃப்ரெட்டுக்கும் இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் நடுவே உள்ள நீளம் சுமார் 34 மி.மீ.தான். அந்த இடத்தில் 19 மி.மீ. விரல்கள் மூன்றைப் புத்தகம் சொல்லுகிறபடி வரிசையாக நிறுத்துவது நடவாத காரியம். மூன்றாவது விரல் ஃப்ரெட்டைவிட்டு வெகுதூரம் பின்தங்கிப்போய்ச் சுரம் கரகரக்கும். இதற்கு அனுபவஸ்தர்கள் கண்ட உபாயங்கள் உண்டு. நடுவிரலை நான்காம் தந்தியிலும், மோதிர விரலை இரண்டாம் தந்தியிலும் வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலைச் சிறிது பின்தங்க விட்டு மூன்றாம் தந்தியில் வைப்பது ஒன்று. நான் கையாளுவது இன்னொன்று: ஆள்காட்டி விரலின் பருமனையே மூலதனமாக்கி, அந்த ஒரே நுனியால் நான்காம், மூன்றாம் தந்திகள் இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு, நடுவிரலை இரண்டாம் தந்திக்கு அனுப்பிவிடுவது. ஒல்லி விரலால் இது ஆகாது. மூவர் செய்ய வேண்டிய வேலையை இருவர் செய்து முடிப்பதால் அடுத்த கார்டுக்குப் போக மற்ற இரண்டு விரல்கள் ஓய்வாக இருக்கின்றன. சபையில் கேட்கிறவர்களுக்கு எந்த விரல் எங்கே இருந்தது என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இரண்டாவது சங்கடம் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே. ஃப்ரெட்டுகள் மேலே போகப்போக நெருங்குகின்றன. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே 18 மி.மீ.தான். அங்கே என் விரல் ஒரு ஃப்ரெட்டுக்கு மேலேயே பரந்துவிடுகிறது. அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களுக்கு அடுத்தடுத்த இரண்டு விரல்களை வைக்க முடியாது. ஒரே விரலைச் சறுக்கிக்கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இதற்குப் பரிகாரம் எதுவும் எனக்குத் தெரியாது. மின்னல் வேகத்தில் உச்ச ஸ்தாயியில் ஓடுகிற வாசிப்பு எனக்கு வாய்க்கவில்லை. அதற்காகத் தூக்கம் கெட்டதும் இல்லை. 1928-இல் வண்டி தீப்பற்றியதில் இடதுகையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போன ஜாங்கோ ரெய்ன்ஹார்ட், மிச்சமிருந்த இரண்டு விரல்களாலேயே ஜாஸ் உலகத்தை ஆண்டார் என்பதை நினைத்துக்கொண்டால், ஐந்து விரலும் நன்றாயிருக்கிறவன் முணுமுணுப்பதற்கு இடமேது?

மெல்லிசைக் குழுவில் எனக்குக் கிடைத்தது மின்சாரக் கிடார். அதன் நட் 42 மி.மீ.; இன்னும் ஒடுக்கம். ஆயினும் தந்தி 10 நம்பர், பலகையை ஒட்டிக்கிடக்கும். பூவைத் தொடுகிற மாதிரி தொட்டால் போதும், ஒலிபெருக்கி மற்றதைப் பார்த்துக்கொள்ளும். கல்யாண மண்டபங்களில் 'மூடுபனி'யின் (1980) 'என் இனிய பொன் நிலாவே', 'பயணங்கள் முடிவதில்லை'யின் (1982) 'இளைய நிலா' இரண்டையும் கேளாத கூட்டம் இல்லை. இரண்டும் கிடாரை நம்பியே நிற்கிற பாட்டுகள். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை வளைக்கிற இடங்களில் பருத்த விரலுக்கு உள்ள சாமர்த்தியம் தனி. தந்தி நழுவாமல் சதையில் ஊன்றி நிற்கும்.

என்னிடம் வந்த மாணவர்களில் என் மனசுக்கு மிகவும் பிடித்தவர் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா போடுகிறவர். ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் என்னை மாஸ்டர் என்பார். நானும் அவரை அப்படியே அழைத்ததால் எங்கள் பாடம் நடக்கும்போது எவர் யாருக்குக் கற்பிக்கிறார் என்று வெளியாருக்கு விளங்காது. கல்லின் சூட்டில் பதப்பட்ட, என்னுடையவற்றைவிடப் பெரிய விரல்கள் அவருக்கு. முந்தி ஓரிடத்தில் கற்கப் போய், கை சரிப்படாது என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்.

"மாஸ்டர், என் கையப் பாருங்க. இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

"வழி இருக்கு மாஸ்டர். கையை விட்டுட்டுக் கிடாரை மாத்துவோம்."

அவர் கொண்டுவந்த ஒடுங்கிய கழுத்துக் கிடாரை ஓரமாக வைத்துவிட்டு, 52 மி.மீ. நைலான் தந்திக் கிடாரைக் கொடுத்தேன். அழுத்தினால் விரல் அகலும் என்கிற தத்துவத்தை அவருக்கு நான் விளக்கத் தொடங்கியபோது அவரே இடைமறித்து, "மாவு உருண்டையை அமுக்குனா பரவுற மாதிரிதானே?" என்றார். அதைவிடத் தெளிவாக அந்த விஷயத்தை நான் இதுவரை சொன்னதில்லை. நாள் முழுதும் மாவை வீசுகிறவருடைய மணிக்கட்டு எப்படி இருக்கும்! மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் சொல்லியும் இளகாத வலதுகை, அவருக்கு முதல் வாரத்திலேயே தாளத்தோடு ஆடிற்று. கட்டைவிரலைக் கீழே இறக்குவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. இப்போது இரவு கடை மூடிய பிறகு சக ஊழியர்களுக்குப் 'பொன் நிலாவே' வாசித்துக் காட்டுகிறார். ஏ மேஜருக்கு இரண்டே விரல்தான் போடுகிறார்.

மெல்லிய, நீண்ட விரல்களோடு வருகிற பிள்ளைகளும் உண்டு. பெற்றோர், "இவனுக்குக் கிடார் விரல் சார்" என்று பெருமையோடு சொல்லுவார்கள். ஆள்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் குறுக்கே அடைத்துப் பிடிக்கிற எஃப் கார்டு வரும்போது அந்தப் பெருமை கொஞ்சம் தணியும். விரலின் கணுக்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் தந்தி விழுந்து ஊமையாகிவிடும். விரலை எலும்புள்ள ஓரத்துக்குத் திருப்பி, பலத்தைச் சேர்த்து, காய்ப்பு விழும்வரை பொறுத்திருக்க வேண்டும். சதைப்பிடிப்புள்ள விரல் அந்தப் பள்ளங்களைத் தானே நிரப்பிக்கொள்கிறது. எனக்கு எஃப் கார்டு சி மேஜரைவிட முன்னதாகவே வந்தது என்று சொன்னால் கிடார் ஆசிரியர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது.

ஆகவே, விரல் பெரிது என்று தயங்கி நிற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1842 முதல் வியாபாரம் நடத்திவரும் மவுண்ட் ரோடு மியூசி மியூசிகலுக்குப் போனாலும் சரி, உங்கள் ஊரில் உள்ள சிறு கடைக்குப் போனாலும் சரி, சட்டைப்பையில் ஒரு ஸ்கேலைப் போட்டுக்கொண்டு போங்கள். பளபளப்பையும் வண்ணத்தையும் பார்ப்பதற்கு முன்னால் நட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். இரும்புத் தந்தி வேண்டுமானால் 44-க்குக் குறைந்ததைத் தொடவேண்டாம், நைலானில் மனம் சமாதானமானால் 52-ஐக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தையும் பாருங்கள். அதிகமாயிருந்தால் இறக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. விலையை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.